உலைக்கும் உளிக்கும் இடையே: வார்ப்பிரும்பின் வெட்டுத்தகைமை

முன்னுரை

இரும்பு என்னும் ஒரு சொல்லால் நாம் சுட்டும் பொருள்கள் பலவாகும். அடுக்களையில் இருக்கும் வார்ப்புத் தோசைக்கல், பழைய தையல் எந்திரத்தின் உடல், வயற்கிணற்றுப் பம்பின் கூடு, சாலை நடுவே கிடக்கும் சாக்கடை மூடி ஆகியன யாவும் வார்ப்பிரும்பால் ஆனவை. இவற்றுள் பம்புக்கூடு போன்றவை உலையிலிருந்து வந்த நிலையிலேயே பயன்பாட்டுக்கு வருவதில்லை. கடைதல், துளையிடுதல், துருவுதல், மட்டமாக்குதல் எனப் பல வினைகளுக்கு உட்பட்ட பின்னரே அவை பிற உறுப்புகளோடு பொருந்துகின்றன. அவ்வினைகளுக்கு ஒரு வார்ப்பு எளிதில் இணங்குவதும் மற்றொன்று முரண்டு பிடிப்பதும் எதனால்? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் கற்பிப்போர்க்கு வார்ப்பிரும்பில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். தாம்பரம், இரும்புலியூர், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை என நீளும் நம் புறநகர்ப் பகுதியில் லேத்துப் பட்டறைகள் உள்ளன. பட்டறை உழைப்பால் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் குடும்பங்களும் உள்ளன. அப்பட்டறையில் நாள்தோறும் நிகழும் ஒன்றைத் தெளிந்த தமிழில் சொல்ல இயலாதெனில் குறை மொழியுடையதன்று. எழுதாது விட்ட நம்முடையதே ஆகும்.

சொல்லும் பொருளும்

‘கடை’ என்னும் வினைச்சொல் தமிழில் பழமையானது. மோர் கடைவதற்கும் மரத்தைக் கடைந்து உருவாக்குவதற்கும் அச்சொல்லையே ஆள்கிறோம். இரண்டிலும் சுழற்சி உண்டு. இதனடியாகவே லேத்து வேலையைக் ‘கடைசல்’ என்றும், அத்தொழிலாளரைக் ‘கடைசல்காரர்’ என்றும் மக்கள் வழங்கினர். எனினும் துளையிடுதலும் துருவுதலும் கடைசலில் அடங்கா. எனவே வெட்டுங்கருவி கொண்டு உலோகத்தைச் சீவி உருவாக்கும் வினைகள் அனைத்திற்கும் ஓர் உலோகம் எந்த அளவுக்கு இணங்குகிறது என்பதை ‘வெட்டுத்தகைமை’ என்று இக்கட்டுரை குறிக்கிறது.

வெட்டுத்தகைமையை நான்கு அளவுகோல்களால் மதிப்பிடலாம். ஒன்று, வெட்டுங்கருவி மழுங்காது உழைக்கும் காலம். இரண்டு, வெட்டுவதற்கு வேண்டிய விசை. மூன்று, வெட்டிய பரப்பின் வழவழப்பு. நான்கு, உதிரும் சீவலின் வடிவம். இந்நான்கும் எப்போதும் ஒருங்கே அமைவதில்லை. எளிதாக வெட்டுப்படும் வார்ப்பு சொரசொரப்பான பரப்பைத் தருவதும் உண்டு. ஆதலின் ‘நல்ல வார்ப்பு’ என்று பொதுவாகச் சொல்வதைவிட ‘எந்த வேலைக்கு நல்லது’ என்று கேட்பதே பொருத்தமுடையதாகும்.

உடைத்தால் தெரியும் உள்ளியல்பு

நம் பகுதியில் உள்ள இரும்புலியூர் என்னும் பெயரைக் காண்போம். மேலோட்டமாக நோக்குவோர் கண்ணுக்கு முதலில் தோன்றுவது ‘இரும்பு’. பதம் பிரிக்கும் மாணவரோ இரும் + புலி + ஊர் என்றும் பிரிக்க இடமுண்டு என்பார். எழுத்துகள் அவையே, பிரிக்கும் இடம் மாறியதும் பொருள் மாறுகிறது. வார்ப்பிரும்பின் நிலையும் இத்தகையதே. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இரு வார்ப்புகளை உடைத்துப் பார்த்தால் ஒன்றின் முறிவுப்பரப்பு சாம்பல் நிறமாகவும் மற்றொன்றின் முறிவுப்பரப்பு வெள்ளையாகவும் இருக்கும். சாம்பல் வார்ப்பிரும்பு, வெள்ளை வார்ப்பிரும்பு என்னும் பெயர்கள் இம்முறிவின் நிறத்தால் வந்தவையே.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் கார்பன் ஆகும். எஃகில் கார்பன் குறைவு. வார்ப்பிரும்பிலோ பொதுவாக 2 விழுக்காட்டிற்கு மேல் 4 விழுக்காடு வரை இருக்கும். சிலிக்கன் ஏறத்தாழ 1 முதல் 3 விழுக்காடு வரை சேரும். இக்கலவை எஃகைவிடக் குறைந்த வெப்பநிலையில், ஏறத்தாழ 1150 முதல் 1250 பாகை செல்சியசில், உருகிவிடுகிறது. உருகிய இரும்பு இறுகும்போது கார்பனுக்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, கார்பன் தனித்துப் பிரிந்து கிராஃபைட்டு ஆதல். பென்சிலின் எழுதுமுனையில் உள்ள அதே மென்மையான பொருள் இது. மற்றொன்று, இரும்போடு கூடிச் சிமென்டைட்டு என்னும் சேர்மம் ஆதல். இது கண்ணாடியினும் கடினமானது. முதல் வழியில் பிறப்பது சாம்பல் வார்ப்பிரும்பு. இரண்டாம் வழியில் பிறப்பது வெள்ளை வார்ப்பிரும்பு. முன்னதை உளி எளிதில் சீவும். பின்னதைச் சீவ முயலும் சாதாரண உளி தானே மழுங்கும். அதனைச் சாணைக்கல்லால் தேய்த்தே உருவாக்குவது வழக்கம்.

கார்பன் எவ்வழியே செல்லும் என்பது வார்ப்பாலையில், இரும்பு இறுகும் சில நிமிடங்களுக்குள் தீர்மானமாகிவிடுகிறது. அதன் விளைவைக் காண்பவரோ பல நாள் கழித்து வேறோர் ஊரில் லேத்தின் முன் நிற்கும் தொழிலாளி. இந்த இடைவெளியே இக்கட்டுரையின் மையமாகும்.

தமிழகத்தில் வார்ப்பிரும்பு

பண்டைத் தமிழகத்தில் இரும்புத்தொழில் செழித்திருந்ததை அகழாய்வுகள் காட்டுகின்றன. அக்காலச் சிற்றுலைகளில் இரும்பு முழுதும் உருகி ஓடவில்லை. கட்டியாகத் திரண்ட இரும்பைக் கொல்லர் அடித்து உருவாக்கினர். உருகி ஓடும் இரும்பைப் பெருமளவில் எடுக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டையில் நிகழ்ந்தது. சோசையா மார்சல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830ஆம் ஆண்டளவில் அங்கு ஊதுலை அமைத்தார். சேலம் பகுதியின் கனிமமும் காட்டு மரக்கரியும் அவ்வுலைக்கு உணவாயின. மரக்கரியில் கந்தகம் மிகக் குறைவு. ஆதலின் அதில் உருக்கிய இரும்பிலும் கந்தகம் குறைவாகவே இருக்கும். இதன் சிறப்பு பின்னர் விளங்கும். மரக்கரிக்காகக் காடுகளை நம்பிய அத்தொழில் நிலைபெறவில்லை. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் மறைந்தது.

இருபதாம் நூற்றாண்டில் வார்ப்புத்தொழிலின் தலைநிலமாக விளங்கியது கோயம்புத்தூர். நூற்பாலைகளுக்கு உறுப்புகள் தேவைப்பட்டன. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் கிணற்றுப் பாசனத்திற்கு மின்மோட்டாரும் பம்பும் தேவைப்பட்டன. இத்தேவைகளை ஒட்டி வார்ப்பாலைகளும் கடைசல் பட்டறைகளும் பெருகின. சென்னையில் 1948இல் தொடங்கிய எண்ணூர் மோட்டார் தொழிற்சாலையும், 1958இல் கிண்டியிலும் 1964இல் அம்பத்தூரிலும் எழுந்த தொழிற்பேட்டைகளும் எந்திரத் தொழிலை வளர்த்தன. நம் பக்கத்தில் பெருங்களத்தூரை ஒட்டி இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1980களின் இறுதியில் உற்பத்தியை நிறுத்தியது. பின்னாளில் அவ்விடத்தில் தகவல் தொழில்நுட்ப வளாகம் எழுந்தது. பெருந்தொழிற்சாலைகள் மறையினும் பழுதுநீக்கும் பட்டறைக்கும் உதிரி உறுப்புப் பட்டறைக்கும் வேலை இருந்துகொண்டே இருக்கிறது. வார்ப்பு ஓரிடத்திலும் கடைசல் ஓரிடத்திலுமாக வேலை பிரிந்திருப்பதும் சிறுதொழிலின் இயல்பாகிவிட்டது.

வெட்டுத்தகைமையைப் பாதிக்கும் காரணிகள்

1. கிராஃபைட்டின் வடிவம்

சாம்பல் வார்ப்பிரும்பில் கிராஃபைட்டு மெல்லிய செதில்களாகப் பரவியிருக்கிறது. உளி முன்னேறும்போது இச்செதில்கள் பிளவுக்கு வழிவிடுகின்றன. அதனால் சீவல் நீண்ட சுருளாக வாராமல் சிறு துணுக்குகளாக உதிர்கிறது. கிராஃபைட்டு உராய்வையும் குறைக்கிறது. எஃகைக் கடைவோர் குளிர்நீர் ஊற்ற, சாம்பல் வார்ப்பிரும்பைக் கடைவோர் பெரும்பாலும் உலர்நிலையிலேயே கடைவதற்கு இதுவும் ஒரு காரணம். பருத்த செதில் வெட்ட எளிது. ஆனால் பரப்பு சொரசொரப்பாகும். நுண்செதில் நல்ல பரப்பைத் தரும்.

1948இல் உலகிற்கு அறிவிக்கப்பட்ட உருண்டைக் கிராஃபைட்டு வார்ப்பிரும்பு மற்றொரு வகை. உருகிய இரும்பில் சிறிதளவு மக்னீசியம் சேர்ப்பதால் கிராஃபைட்டு செதிலாகாமல் உருண்டையாகிறது. இது வலிமையும் வளையுந்தன்மையும் உடையது. ஆயினும் இதன் சீவல் சாம்பல் வார்ப்பிரும்பின் சீவலைப்போல் எளிதில் உதிர்வதில்லை; வெட்டவும் கூடுதல் விசை வேண்டும்.

2. அடித்தளத்தின் இயல்பு

கிராஃபைட்டைச் சூழ்ந்துள்ள இரும்பே அடித்தளம். அது ஃபெரைட்டு என்னும் மென்வகையாக இருப்பின் வெட்டுதல் மிக எளிது, வலிமையோ குறைவு. பியர்லைட்டு என்னும் வகை ஃபெரைட்டும் சிமென்டைட்டும் மெல்லிய அடுக்குகளாக அமைந்தது. இது வலியது; தேய்மானத்தைத் தாங்குவது; எனினும் கருவியைச் சற்று விரைவாக மழுக்குவது. தனிச் சிமென்டைட்டுத் திட்டுகள் இடையிடையே கிடப்பின் அவை உளிக்குப் பகையாகும்.

இந்தியத் தரக்குறியீடு 210 சாம்பல் வார்ப்பிரும்பை எஃப்.ஜி. 150, 200, 220, 260, 300, 350, 400 என வகுக்கிறது. எண் என்பது சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுவிசையைத் தாங்கும் என்பதன் குறைந்த அளவு. எண் உயர உயர வலிமை உயரும். வெட்டுத்தகைமை பொதுவாகக் குறையும். எனவே தேவைக்கு மேற்பட்ட வலிமையைக் கேட்டு வாங்குவோர் கடைசல் செலவையும் கேட்டு வாங்குகின்றனர் எனலாம்.

கடினத்தை அளக்கும் பிரினெல் சோதனையில் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டைக் கொண்டு 3000 கிலோகிராம் விசையில் வார்ப்பை அழுத்திப் பதிந்த குழியை அளப்பர். இச்சோதனை பயனுடையதாயினும் ஒரு வரம்பு உண்டு. அது அழுந்திய பரப்பின் சராசரியையே காட்டும். நுண்ணிய சிமென்டைட்டுத் துகள்கள் அதில் புலப்படாமற் போகலாம். ஒரே பிரினெல் எண் உடைய இரு வார்ப்புகளில் ஒன்று உளியை இரு மடங்கு விரைவாகத் தேய்ப்பதும் நிகழக்கூடும்.

3. வேதிச் சேர்மானம்

கார்பனும் சிலிக்கனும் கிராஃபைட்டு உருவாதற்குத் துணைபுரிவன. இவ்விரண்டின் கூட்டு விளைவைக் ‘கார்பன் சமஎண்’ என்பர். கார்பன் விழுக்காட்டோடு சிலிக்கன் விழுக்காட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் அது கிடைக்கும். கார்பன் 3.4, சிலிக்கன் 2.1 எனில் சமஎண் 3.4 + 0.7 = 4.1 ஆகும். இவ்வெண் குறைந்தால் வார்ப்பு வலிமையுறும். வெள்ளையாகும் அச்சமும் மிகும்.

கந்தகம் தனித்திருப்பின் வெள்ளையாதலைத் தூண்டும். மாங்கனீசு அதனோடு சேர்ந்து மாங்கனீசு சல்பைடாகி அத்தீங்கைப் போக்குகிறது. அச்சல்பைடுத் துகள்கள் வெட்டுதலுக்கு உதவவும் செய்கின்றன. கந்தக விழுக்காட்டை 1.7ஆல் பெருக்கி 0.3 கூட்டினால் வேண்டிய மாங்கனீசு கிடைக்கும் என்பது வார்ப்பாலைகளின் கணக்கு. கந்தகம் 0.10 எனில் மாங்கனீசு 0.47 விழுக்காடு. கல்கரியை எரிக்கும் குப்போலா உலையில் கரியின் கந்தகம் இரும்பில் ஏறுகிறது. மரக்கரி உலையின் சிறப்பு இதனால் புலனாகும்.

அண்மைக் காலத்தில் பல வார்ப்பாலைகள் குப்போலாவை விடுத்து மின்தூண்டல் உலைக்கு மாறியுள்ளன. அங்குக் கந்தகத் தொல்லை குறைவு. ஆனால் எஃகுக் கழிவை மிகுதியாக உருக்குவதாலும் நெடுநேரம் மிகுவெப்பத்தில் வைத்திருப்பதாலும் கிராஃபைட்டு முளைவிட வேண்டிய கருக்கள் அழிகின்றன. கழிவோடு குரோமியம் கலந்துவிட்டால் கடினத் துகள்கள் உருவாகும். பழைய தொல்லை ஒன்று நீங்கப் புதிய தொல்லை ஒன்று புகுந்தது என்பதே உண்மை. பாஸ்பரஸ் மிகின் உருகிய இரும்பு நன்கு ஓடும். ஆனால் இறுதியாக இறுகும் இடங்களில் கடினமான பாஸ்பைடு வலைப்பின்னல் தங்கும்.

4. குளிரும் வேகம்

ஒரே கொப்பரையிலிருந்து ஊற்றிய இரும்பு தடித்த பகுதியில் சாம்பலாகவும் மெல்லிய ஓரத்தில் வெள்ளையாகவும் இறுகக்கூடும். மெல்லிய ஓரமும் மூலையும் விரைவில் குளிர்வதால் கார்பன் கிராஃபைட்டாகப் பிரிய நேரமில்லாமல் சிமென்டைட்டாகச் சிக்கிக்கொள்கிறது. இதனை வார்ப்பாலையில் ‘சில்’ என்பர். ஈரமிகுந்த அச்சுமணலும் இதனைத் தூண்டும்.

இதற்கு மருந்து, ஊற்றுவதற்குச் சற்று முன் ஃபெரோசிலிக்கன் பொடியைச் சிறிதளவு சேர்த்தலாகும். அது கிராஃபைட்டுக்கு வித்தாக அமைகிறது. பாலுக்கு உறைமோர் போல என்று கூறின் இல்லத்தாரும் உணர்வர். ஆனால் உறைமோர் காத்திருக்கும், இவ்வித்து காத்திராது. சேர்த்த சில நிமிடங்களிலேயே அதன் ஆற்றல் குன்றத் தொடங்கும். கொப்பரையில் முதலில் ஊற்றிய அச்சு நன்றாகவும் இறுதியில் ஊற்றிய அச்சு கடினமாகவும் அமைவதன் மறைபொருள் இதுவே.

ஊற்றுமுன் இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஆப்பு வடிவச் சிற்றச்சில் சிறிது இரும்பை ஊற்றிக் குளிர்வித்து உடைப்பர். ஆப்பின் கூர்முனையில் வெள்ளைப் பகுதி எவ்வளவு அகலம் என அளப்பர். அகலம் மிகின் இரும்பைத் திருத்துவர். சில நிமிட வேலை. அதனைத் தவிர்ப்பின் ஒரு நாள் வார்ப்பே வீணாகலாம்.

வார்ப்பை அச்சிலிருந்து எப்போது எடுக்கிறோம் என்பதும் நோக்கத்தக்கது. நன்கு சிவந்திருக்கும்போதே உடைத்தெடுத்தால் வார்ப்பு காற்றில் விரைந்து குளிர்ந்து பியர்லைட்டு மிகும்; கடினமும் உள்ளிறுக்கமும் ஏறும்.

5. மேல்தோல்

வார்ப்பின் மேற்பரப்பில் மணல் ஒட்டியிருக்கும். மணலின் சிலிக்கா, உளியை அரம்போல் அராவும். ஆகவே மணலை நன்கு தட்டித் துலக்கிய பின்னரே வார்ப்பை அனுப்ப வேண்டும். கடைசல்காரரும் முதல் வெட்டை ஆழமாக, தோலுக்குக் கீழே உளிமுனை செல்லுமாறு எடுத்தல் வேண்டும். மேலோட்டமாகத் தடவும் முதல் வெட்டு உளிமுனையை மணலிலேயே தேய்க்கும்.

6. வெப்பப் பதமும் ஓய்வும்

கடினமான வார்ப்பை மீண்டும் சூடேற்றி மெல்லக் குளிர்வித்து மென்மையாக்கலாம். பியர்லைட்டை ஃபெரைட்டாக மாற்ற 700 முதல் 760 பாகை செல்சியசு போதும். சிமென்டைட்டையே சிதைக்க 900 பாகைக்கு மேல் வேண்டும். இதனால் வலிமை குறையும் என்பதை மறத்தலாகாது. உள்ளிறுக்கத்தை மட்டும் தளர்த்த 550 முதல் 650 பாகை வரை சூடேற்றுவர்.

வார்ப்பைச் சில நாள் சும்மா போட்டுவைத்தால் கடைசலுக்கு நன்கு வரும் என்னும் கருத்து வார்ப்புத் தொழிலில் நெடுங்காலம் நிலவியது. அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை ஆய்ந்து, அறைவெப்பத்தில் சில நாள் வைத்த சாம்பல் வார்ப்பிரும்பின் வலிமையும் வெட்டுத்தகைமையும் மேம்படுவதுண்டு எனக் கண்டனர். இரும்பில் கரைந்துள்ள நைட்ரஜனே இதற்குக் காரணம் என்றனர். தொழிலாளர் அனுபவத்தை ஆய்வுக்கூடம் பின்னர் உறுதிசெய்வதற்கு இது நல்ல சான்றாகும்.

7. கருவியும் வேகமும்

வார்ப்பு நன்றாயிருப்பினும் கருவியின் தேர்வு பிழைபடின் பயனில்லை. வார்ப்பிரும்பிற்கெனக் குறித்த டங்ஸ்டன் கார்பைடு வகைக்கு ‘கே’ என்னும் எழுத்தும் சிவப்பு நிறமும் உலகப் பொதுக்குறிகளாகும். எஃகிற்குரிய வகைக்கு ‘பி’ என்னும் எழுத்தும் நீல நிறமும் குறிகள். நிறம் மாற்றி மாட்டுவதே சில குறைகளுக்கு வேர்.

வேகத்தைக் கணக்கிடுதல் எளிது. வெட்டுவேகத்தை (ஒரு நிமிடத்திற்கு மீட்டரில்) 1000ஆல் பெருக்கி, 3.1416ஆலும் பொருளின் விட்டத்தாலும் (மில்லிமீட்டரில்) வகுத்தால் நிமிடத்திற்கான சுற்றுகள் கிடைக்கும். விட்டம் 100 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். அதிவேக எஃகு உளிக்கு 25 மீட்டர் வேகம் எனில் ஏறத்தாழ 80 சுற்று. கார்பைடு உளிக்கு 80 மீட்டர் எனில் ஏறத்தாழ 255 சுற்று.

வேகம் கூடினால் உளியின் ஆயுள் அதே அளவில் குறைவதில்லை. மிகப் பன்மடங்கு குறைகிறது. அமெரிக்கப் பொறியாளர் எஃப்.டபிள்யூ. டெய்லர் தம் நெடுநாள் ஆய்வின் முடிவாக 1906இல் வெளியிட்ட விதி இதனைக் கூறுகிறது. அவ்விதியின்படி கணக்கிட்டால் அதிவேக எஃகு உளியின் வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டினாலே அதன் ஆயுள் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கார்பைடு உளிக்கு இருபது விழுக்காடு கூட்டினால் அந்நிலை வரும். அவசரத்தால் மிச்சமாகும் நேரம் உளி தீட்டுவதிலேயே செலவாகிறது.

குறை யாருடையது?

பம்பு மூடிகள் நூறு கடைசலுக்கு வந்துள்ளன என்று கொள்வோம். இருபது மூடிகளில் துளையிடும்போது கருவி கிறீச்சிடுகிறது, இரண்டு உடைகின்றன. வார்ப்பு சரியில்லை என்கிறது பட்டறை. கடையத் தெரியவில்லை என்கிறது வார்ப்பாலை. கருவி விற்றவர் இருவரையும் குறை கூறுகிறார். உருப்படிக் கணக்கில் கூலி பெறும் தொழிலாளிக்கோ அன்றைய வருவாய் போயிற்று. கைவேலை தெரியாதவர் என்னும் பழியும் அவர்மேல் விழுகிறது.

மேலே கண்ட காரணிகளை அறிந்தோர் இவ்வழக்கைக் கூச்சலின்றித் தீர்க்கலாம். கடினம் எங்கே இருக்கிறது என்று கேட்பதே தீர்ப்பின் தொடக்கம்.

ஓரத்திலும் மூலையிலும் மட்டும் கடினமெனில் அது ‘சில்’. வார்ப்பாலை திருத்த வேண்டியது, அல்லது ஓரத்தை மிக மெலிதாக வரைந்தவர் திருத்த வேண்டியது. மேல்தோலில் மட்டும் எனில் ஒட்டிய மணல், துலக்குதலில் குறை. வார்ப்பு முழுதும் ஒரே சீராகக் கடினமெனில் சேர்மானத்தையோ, அச்சை முன்கூட்டி உடைத்ததையோ ஐயுறலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடினப் புள்ளிகள் தோன்றின் உருகாத துகளோ கலந்த அழுக்கோ காரணமாகலாம். ஒரே நாளில் ஊற்றியவற்றுள் சில மட்டும் கெட்டிருப்பின் அவை கொப்பரையின் இறுதியில் ஊற்றியவையா என வினவலாம். எல்லா வார்ப்புகளிலும், வேறு ஆலையின் நல்ல வார்ப்பிலும்கூட உளி விரைவில் மழுங்குமெனில் அப்போது கருவியையும் வேகத்தையும் சோதிப்பதே முறை.

ஐயம் தீராவிடில் ஒரு மூடியை உடைத்துப் பார்க்கலாம். முறிவின் நிறம் வழக்கைச் சொல்லிவிடும். ஒரு மூடியின் விலை, தொழிலாளியின் நற்பெயரைவிடப் பெரிதன்று.

தூசியும் உடல்நலமும்

வார்ப்பிரும்பை உலர்நிலையில் கடைவதால் கருந்தூசி எழுகிறது. மணல் ஒட்டிய வார்ப்பைத் தட்டும்போதும் சாணை பிடிக்கும்போதும் நுண்சிலிக்கா பறக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத இச்சிலிக்காவே நெடுநாளில் நுரையீரலைக் கட்டியாக்கும் சிலிக்கோசிஸ் நோயைத் தருவது, வந்தபின் குணமாகாதது. முகத்தில் கட்டும் துணி இதற்குப் போதாது. தூசியை எழுமிடத்திலேயே உறிஞ்சும் கருவியும் தகுந்த மூக்குமூடியும் வேண்டும். காற்றடித்துத் தூசியைப் பரப்புவதற்கு மாறாக ஈரத்தால் அடக்கிக் கூட்டுதல் நன்று. வார்ப்பை நன்கு துலக்கி அனுப்பும் ஆலை உளியை மட்டுமன்றிக் கடைசல்காரரின் மூச்சையும் காக்கிறது.

முடிவுரை

வார்ப்பிரும்பின் வெட்டுத்தகைமை உளியில் மட்டும் இல்லை. உலையில் மட்டும் இல்லை. இரண்டிற்கும் இடைப்பட்ட செய்தித்தொடர்பில் இருக்கிறது. ஊற்றுபவர் வெட்டுபவரின் துன்பத்தையும், வெட்டுபவர் ஊற்றுபவரின் சிக்கலையும் அறிந்திருப்பின் பாதிக் குறைகள் பிறவாமலே போகும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. வார்ப்பாலைகள் ஒவ்வொரு கொப்பரைக்கும் ஓர் எண் இட்டு, அதனை வார்ப்பின்மேல் குறித்து, ஆப்புச் சோதனை அளவையும் எழுதி அனுப்பலாம். பட்டறைகள் ஒரு குறிப்பேட்டில் நாள், கொப்பரை எண், கடினம் தோன்றிய இடம், உளியின் வகை, சுற்று வேகம் ஆகியவற்றைப் பதியலாம். அக்குறிப்பேடு தமிழில் இருப்பின் அதனை எழுதுவோரும் படிப்போரும் மிகுவர்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. வகுப்பறைத் தமிழ் நிலைபெற வேண்டுமெனில் பட்டறைத் தமிழும் அதனோடு சேர வேண்டும். நம் மாணவர்கள் விடுமுறை நாள்களில் தம் பகுதிப் பட்டறைகளுக்குச் சென்று, அங்கு வழங்கும் சொற்களையும் அவற்றின் பொருளையும் தொழிலாளர் வாயிலாகக் கேட்டுத் தொகுக்கலாம். அது மொழிக்கும் பயன், தொழிலுக்கும் பயன்.

இரும்பை வெட்டும் லேத்தின் படுகையும் பெரும்பாலும் சாம்பல் வார்ப்பிரும்பால் ஆனதே. அதிர்வை உள்வாங்கி அடக்கும் பண்பு கிராஃபைட்டுச் செதில்களால் அதற்கு வாய்த்தது. வெட்டுப்படுவதற்கு இணங்கும் அதே இயல்பு, வெட்டும் எந்திரத்தை அசையாது தாங்கவும் செய்கிறது. அவ்வெந்திரத்தின் முன் நிற்கும் மனிதரின் அறிவை எழுத்தில் ஏற்றுதல் கற்றோர் கடனாகும்.